தன் பெயரால் எரிந்த ஊர்

ஹைடல்பெர்க் கோட்டைக்குப் பின்னால் மலை. அதன் சரிவில் செர்ரி மரங்கள். காலை ஐந்து மணிக்கு, கையில் பெரிய ரொட்டித் துண்டோடு ஒரு சிறுமி அங்கே ஏறிப் போவாள். பழத்தைப் பறித்து, ரொட்டியைக் கடித்துக்கொண்டு வயிறு நிறையத் தின்பாள். அவள் அந்த நாட்டின் இளவரசி. பல பத்தாண்டுகள் கழித்து, பிரெஞ்சு அரண்மனையில் கிழவியாகிவிட்ட பிறகும், அந்த செர்ரியைப் பற்றி ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

எலிசபெத் ஷார்லோட்டே என்பது முழுப்பெயர். வீட்டில் லீசெலோட்டே. 1652 மே 27 அன்று அந்தக் கோட்டையில்தான் பிறந்தார். இன்று ஹைடல்பெர்க் போகிறவர்கள் பார்ப்பது இடிந்த கோட்டையை. வெடிமருந்தில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அப்படியே சரிந்து கிடக்கும் கோபுரத்தைப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. அதை இடித்தது லீசெலோட்டே வாக்கப்பட்டுப் போன வீட்டின் ராணுவம். அதுவும் அவருடைய உரிமையை மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்து இடித்தது. பிறந்த வீட்டைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணமே பிறந்த வீட்டை எரிப்பதற்கான பத்திரமாக எப்படி மாறியது என்பது புரிய, முதலில் அந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இல்லை. புனித ரோமப் பேரரசு என்ற ஒரே கூரையின் கீழ் முந்நூறுக்கும் மேற்பட்ட சிறிதும் பெரிதுமான ஆட்சிகள். அவற்றில் எட்டுப் பேருக்கு மட்டும் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இருந்தது. தேர்வரசர்கள் என்று சொல்லலாம். ரைன், நெக்கார் ஆறுகளை ஒட்டிய ஃபால்ஸ் நாட்டின் அரசர் அந்த எட்டில் ஒருவர். லீசெலோட்டேயின் தாத்தா ஐந்தாம் ஃபிரெட்ரிக், பொஹீமியாவின் முடிக்கு ஆசைப்பட்டு 1619-ல் பிராகில் அரியணை ஏறினார். ஒரே குளிர்காலம்தான் தாங்கியது. 1620-ல் தோற்று ஓடியவருக்குப் 'பனிக்கால ராஜா' என்று பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. பாட்டி எலிசபெத் ஸ்டூவர்ட், இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸின் மகள். இருவரும் பிள்ளைகுட்டிகளோடு ஹாலந்தில் அகதிகளாக வாழ்ந்தார்கள். முப்பதாண்டுப் போர் முடிந்து 1648-ல் அமைதி வந்தபோது, மகன் கார்ல் லூட்விக்குக்கு நாட்டின் ஒரு பகுதி மட்டும் திரும்பக் கிடைத்தது. ஆளில்லாத ஊர்கள், எரிந்த வயல்கள். அவர்தான் லீசெலோட்டேயின் அப்பா.

நல்ல நிர்வாகி. மூடிக் கிடந்த ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தை மகள் பிறந்த அதே 1652-ல் மறுபடி திறந்தார். அழிந்துபோன மன்ஹைம் நகரத்தை மீண்டும் எழுப்பி, பிற நாடுகளில் மதத்துக்காக விரட்டப்பட்டவர்களை அழைத்துக் குடியமர்த்தினார். காசில் படு சிக்கனம். ஆனால் வீட்டுக்குள் அமைதி இல்லை. மனைவி ஷார்லோட்டேயோடு ஒத்துப்போகவில்லை. அவளுடைய தோழிப்பெண்களில் ஒருத்தியான லூயிஸெ ஃபான் டேகன்ஃபெல்ட் மீது மனம் போனது. மனைவி விவாகரத்துக்குச் சம்மதிக்காமலிருக்க, 1658-ல் லூயிஸெயைத் தன் அதிகாரத்தாலேயே மணந்துகொண்டார். அவர்களுக்குப் பதின்மூன்று பிள்ளைகள். அரசகுலத்துக்குக் கீழான தாய் என்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆட்சியில் பங்கு இல்லை. 'ராவ்கிராஃப்' என்ற சிறு பட்டம் மட்டும்.

ஒரே கோட்டையில் இரண்டு தாரம், நடுவில் ஒரு குழந்தை. அதைப் பார்த்துவிட்டு அத்தை சோஃபி 1659-ல் ஏழு வயது லீசெலோட்டேயைத் தன்னோடு ஹானோவருக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். இந்த அத்தைதான் அவர் வாழ்க்கையின் அச்சாணி. சோஃபியின் கதையும் லேசானதல்ல. பனிக்கால ராஜாவின் பன்னிரண்டாவது பிள்ளை. சீதனம் என்று சொல்ல எதுவும் கிடையாது. ஹானோவர் இளவரசர் ஒருவருக்கு நிச்சயமாகியிருந்தது. அவருக்குக் கல்யாணமே வேண்டாம் என்று தோன்றிவிட, தன் தம்பி எர்ன்ஸ்ட் அவுகுஸ்டுக்கு மணப்பெண்ணைக் கைமாற்றிவிட்டார். அந்த மாற்றத்தையும் பத்திரம் எழுதித்தான் செய்தார்கள்! சோஃபி அழுது உட்காரவில்லை. படித்தார், சிந்தனையாளர் லைப்னிட்ஸோடு நட்பு வைத்துக்கொண்டார், பிள்ளைகளை வளர்த்தார். லீசெலோட்டேக்கு அங்கே கிடைத்த நான்கு வருடமும் வாழ்நாள் முழுக்கத் தின்று தீராத சொத்து. அத்தையோடு ஹாலந்து போய், அப்பாவைப் பெற்ற பாட்டியைப் பார்த்தார். அங்கே சேர்ந்து விளையாடிய ஒரு பையன் பிற்காலத்தில் இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் ஆனான்.

அடங்காத பிள்ளை. பொம்மையைவிட வாளும் துப்பாக்கியும் பிடிக்கும். குதித்துக் குதித்து ஆணாக மாறிய ஒரு பெண்ணின் கதையைக் கேட்டுவிட்டு, தானும் மாறிவிடுவோம் என்று நம்பிக் கண்டபடி குதித்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். கழுத்து முறியாமல் போனதே பெரிது என்றும் சேர்த்திருக்கிறார். இது வெறும் குறும்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் ஆண்பிள்ளைக்கு நாடு, பெண்பிள்ளைக்கு நாடுகடத்தல் என்பதை ஒரு குழந்தை நன்றாகவே கவனித்திருக்கிறது.

நாடுகடத்தல் 1671-ல் வந்தது. பிரான்ஸின் பதினான்காம் லூயியின் தம்பி ஃபிலிப்புக்கு முந்தைய வருடம்தான் முதல் மனைவி இறந்திருந்தார். ஃபால்ஸ் நாடு பிரான்ஸுக்கு அடுத்த வாசல். பெரிய அண்டைவீட்டோடு சம்பந்தம் வைத்துக்கொண்டால் நாட்டின் மேல் கைவைக்க மாட்டார்கள் என்பது கார்ல் லூட்விக்கின் கணக்கு. ஒரே இடைஞ்சல் மதம். பெண் புராட்டஸ்டண்டுச் சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவள். மாப்பிள்ளை வீடு கத்தோலிக்கம். அரண்மனையில் வைத்தே ரகசியமாகக் கத்தோலிக்கப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். மெட்ஸ் நகரில் அவர் மதம் மாறியபோது அப்பா தனக்கு எதுவுமே தெரியாதது போலக் காட்டிக்கொண்டார். அடுத்தபடியாக அதே மெட்ஸில் கல்யாணம், மாப்பிள்ளை இல்லாமலே. அவர் சார்பில் வேறொருவர் நின்றார். ஸ்ட்ராஸ்பூரில் சொந்தங்களைப் பிரிந்தது முதல் ஷாலோன் போய்ச் சேரும்வரை ராத்திரி முழுக்கக் கதறிக்கொண்டே போனதாக லீசெலோட்டேயே எழுதியிருக்கிறார். அப்போது வயது பத்தொன்பது.

ஷாலோனில்தான் கணவரை முதன்முதலாகப் பார்த்தார். குட்டையான உருவம், உயர்ந்த குதிகால் வைத்த காலணி, உடம்பெங்கும் நகை. ஃபிலிப்பின் மனம் ஆண்களை நாடியது என்பது அரசவைக்கே தெரிந்த சங்கதி. ஷெவாலியே த லோரேன் என்ற பிரபுதான் அந்த வீட்டில் உண்மையான அதிகாரம் செலுத்தினார். இருந்தும் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவன் 1676-ல், மூன்று வயது நிறையும் முன்பே இறந்தான். இரண்டாமவன் ஃபிலிப், 1674-ல் பிறந்தவன். மூன்றாவது ஒரு பெண், 1676. அப்புறம் இருவரும் பேசிவைத்துக்கொண்டு தனித்தனி அறையில் படுத்தார்கள். லீசெலோட்டேக்கு அதில் நிம்மதிதான்.

கணவரைவிடக் கணவரின் அண்ணனோடுதான் ஒட்டுதல் அதிகம். லூயிக்கு வேட்டை பிடிக்கும்; ஜெர்மன் மருமகளுக்கும் பிடிக்கும். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லும் ஒருத்தி அந்த அரசவைக்குப் புதிது. குளிருக்காக அவர் கழுத்தில் சுற்றிக்கொண்ட பழைய ரோமத்துண்டைப் பார்த்து எல்லாரும் அதையே கட்ட ஆரம்பித்தார்கள். கழுத்தைச் சுற்றும் அந்த ரோமப் போர்வைக்குப் பிரெஞ்சில் இன்றும் 'பலத்தீன்' என்றே பெயர், அதாவது ஃபால்ஸ்காரி. கரடி, பூனை, குரங்கு மூன்றையும் கலந்த முகம் என்று தன்னைத் தானே வர்ணித்துக்கொண்ட பெண்ணின் பெயரில் ஒரு நாகரிகம்.

ஆனாலும் நாக்கு ஊரைவிட்டு வரவில்லை. காபி, தேநீர், சாக்லேட் என்று பாரிஸ் மயங்கிக்கொண்டிருந்த புதுப் பானங்கள் எதுவும் இவருக்குப் பிடிக்கவில்லை. கேட்டதெல்லாம் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், புகையூட்டிய இறைச்சி, பியர் ஊற்றிக் காய்ச்சிய சூப். கத்தோலிக்கப் பூசைக்கு ஒழுங்காகப் போனார். அறைக்குத் திரும்பி லூத்தரின் ஜெர்மன் பைபிளைப் படித்தார். எழுதினார். அதுதான் முக்கியம். வாரத்தில் இந்தக் கிழமை இன்னாருக்கு என்று முறைவைத்து, பத்துப் பதினைந்து பக்கம் சளைக்காமல், பெரும்பாலும் ஜெர்மனில். வாழ்நாளில் அறுபதாயிரம் கடிதம் எழுதியிருப்பார் என்பது ஒரு மதிப்பீடு. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தப்பிப் பிழைத்திருக்கிறது. ஐரோப்பாவே உறைந்த 1709 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவரை நேரில் பார்க்கலாம்: பக்கத்தில் கொழுந்துவிட்டு எரியும் கணப்பு, கதவுக்குத் தடுப்பு, கழுத்தில் ரோமம், கால் இரண்டும் கரடித்தோல் பைக்குள். அப்படியும் நடுங்குகிறார், பேனா கையில் நிற்கவில்லை. நிறுத்தவும் இல்லை.

அஞ்சலில் போகும் கடிதங்களை அரசாங்கம் பிரித்துப் படித்தது. அது அவருக்குத் தெரியும். சில சமயம் பிரித்துப் படிக்கிற அமைச்சருக்கென்றே நடுவில் நாலு வார்த்தை காட்டமாக எழுதிவைப்பார். லூயி ரகசியமாக மணந்துகொண்ட மதாம் த மேன்தெனோன்தான் அவர் கோபத்துக்கு நிரந்தர இலக்கு. எழுதக் கூசும் வசவையெல்லாம் அந்த அம்மாளுக்குப் பட்டமாகக் கொடுத்தார். இந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டு மேன்தெனோனை எடைபோடுவது நியாயமாகாது என்பது என் கருத்து. பிறப்பால் தாழ்ந்தவள் மேலே வந்துவிட்டாள் என்ற எரிச்சல் அவற்றில் வழிகிறது.

பிறப்பு விஷயத்தில் லீசெலோட்டேயிடம் எப்போதுமே இந்த முரண் உண்டு. குலம் கலந்த கல்யாணத்தை, மிளகில் எலிப்புழுக்கை கலந்தது போல என்று பேசியவர் அவர். ஆனால் அப்பாவின் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தார். தங்கைகள் லூயிஸெக்கும் அமேலியேக்கும் பல பத்தாண்டுகள் எழுதினார். தம்பி கார்லுட்ஸைக் 'கருந்தலையா' என்று செல்லமாகக் கூப்பிடுவார். அவன் வெனிஸ் படையில் சேர்ந்து துருக்கியரோடு போரிடப் போய் 1688-ல் கிரேக்கத்தின் நெக்ரோபோன்தே முற்றுகையின்போது இறந்தான். கொள்கை ஒரு பக்கம், கூடப் பிறந்த பாசம் ஒரு பக்கம். இரண்டையும் அவர் சமரசம் செய்ய முயலவே இல்லை.

அதே 1688-ல்தான் பெரிய இடி விழுந்தது. மூன்று வருடம் முன்பு, 1685 மே மாதம், கூடப் பிறந்த ஒரே அண்ணன், தேர்வரசர் கார்ல், பிள்ளையில்லாமல் இறந்திருந்தார். ஆட்சி ஆண்வழியில்தான் போகும்; எனவே நாடு தூரத்துச் சொந்தமான கத்தோலிக்க நொய்பூர்க் கிளைக்குப் போயிற்று. நிலத்தின் மேல் உரிமை கோர மாட்டேன் என்று லீசெலோட்டே கல்யாண ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்திருந்தார். ஆனால் ஆட்சிநிலம் வேறு, குடும்பத்தின் தனிச்சொத்து வேறு. அசையும் பொருளும் தனிச்சொத்தான நிலங்களும் மகளுக்கு வர வேண்டியவை என்று லூயியின் வக்கீல்கள் வாதிட்டார்கள். எது தனிச்சொத்து என்ற பட்டியல் நீண்டுகொண்டே போனது. லீசெலோட்டேயிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. மனைவியின் உரிமையைப் பேசும் அதிகாரம் கணவருடையது. கணவர் அண்ணன் சொன்னதைச் செய்பவர்.

1688 இலையுதிர் காலத்தில் பிரெஞ்சுப் படை ரைன் கரையில் இறங்கியது. வாரிசுரிமை ஒரு காரணம் மட்டும்தான். பேரரசரை முந்திக்கொண்டு எல்லையைப் பலப்படுத்துவதே லூயியின் உள்நோக்கம். எதிரிகள் ஒன்றுசேர்ந்து வரவே, பிடித்த நாட்டைக் கையில் வைத்திருக்க முடியாது என்று தெரிந்தது. போர் அமைச்சர் லூவுவா வேறு வழி எடுத்தார். எதிரிப் படைக்கு உணவோ கூரையோ கிடைக்கக்கூடாது, எரித்துவிடு. 1689 மார்ச்சில் ஹைடல்பெர்க் கோட்டையின் ஒரு பகுதியைத் தகர்த்தார்கள். மன்ஹைம் முழுவதும் இடிபட்டது. மே கடைசியில் ஸ்பயர் எரிந்தது; அதன் பேராலயத்தில் உறங்கிய பழைய பேரரசர்களின் கல்லறைகளையும் சூறையாடினார்கள். வோர்ம்ஸும் தப்பவில்லை. 1693-ல் திரும்பி வந்து ஹைடல்பெர்க்கை அடியோடு கொளுத்தினார்கள். இரண்டாகப் பிளந்த அந்தக் கோபுரம் அந்த வருடத்தது.

வெர்சாயில் லீசெலோட்டே தூங்கவில்லை. கண்ணை மூடினால் ஹைடல்பெர்க்கிலோ மன்ஹைமிலோ நிற்கிறேன், அழிவெல்லாம் கண்முன் வருகிறது, திடுக்கிட்டு எழுகிறேன், இரண்டு மணி நேரத்துக்குத் தூக்கம் வருவதில்லை என்று அத்தைக்கு எழுதினார். அப்பா பாடுபட்டுக் கட்டியதெல்லாம் போயிற்றே என்று ஒரு துக்கம். அதைவிடப் பெரிய வேதனை, அந்த ஏழை ஜனங்களைப் பாழாக்கத் தன் பெயரைப் பயன்படுத்துகிறார்களே என்பது. தன் தாய்நாட்டின் அழிவே தான்தான் என்ற நினைப்பு அவரை விடவில்லை. எரிக்கச் சொன்ன அரசரோடு அன்று மாலையும் ஒரே கூடத்தில் இருந்தாக வேண்டும். அழுத முகத்தோடு வருவது அரசருக்குப் பிடிக்கவில்லை. 1697-ல் ரைஸ்வைக்கில் உடன்படிக்கை ஆயிற்று. ஃபால்ஸ் விவகாரம் போப்பின் தீர்ப்புக்குப் போய், 1702-ல் ஒரு தொகையோடு முடிந்தது. அத்தனை ஊரும் கடைசியில் ஒரு பணக்கணக்கு.

நடுவில் மகன் விவகாரம். லூயி தன் காதலி மோன்தெஸ்பான் மூலம் பிறந்த மகளை லீசெலோட்டேயின் மகனுக்கு முடித்துவைக்க நினைத்தார். குலப்பெருமை பேசும் தாய்க்கு இதைவிட அவமானம் கிடையாது. பதினேழு வயது மகன் அரசர்முன் மறுக்கத் தைரியமில்லாமல் தலையாட்டிவிட்டான். மறுநாள், அரசவை முழுக்கக் கூடியிருந்த நீண்ட கூடத்தில், அம்மாவின் கையை முத்தமிட வந்தவனுக்கு ஓர் அறை விட்டார். சில அடி தள்ளி நின்றவர்களுக்கும் சத்தம் கேட்டது என்று அன்றைய பிரபு ஒருவர் எழுதியிருக்கிறார். 1692 பிப்ரவரியில் கல்யாணம் நடந்தது. அறை எதையும் மாற்றவில்லை.

1701 ஜூனில் ஃபிலிப் இறந்ததும் அவருக்கு வந்த முதல் பயம், விதவை என்று கன்னிமடத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்பது. 'கன்னிமடம் வேண்டாம்' என்று கத்தியதாகச் சொல்வார்கள். கணவரின் காதலர்கள் எழுதிய கடிதங்களைப் பெட்டியோடு எடுத்து, படிக்காமலே எரித்தார். அவற்றில் பூசியிருந்த வாசனைத் தைலம் தலையைச் சுற்றவைத்ததாம். அப்புறம் மேன்தெனோன் துக்கம் விசாரிக்க வந்தார். தன்னைத் திட்டி லீசெலோட்டே எழுதிய கடிதம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். லீசெலோட்டே அழுது மன்னிப்புக் கேட்டார். அரண்மனையில் அவர் இடம் நிலைத்தது. சீக்கிரமே பேனாவும் பழைய வழிக்குத் திரும்பியது.

அதே 1701-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் வாரிசுச் சட்டம் போட்டது: கத்தோலிக்கர் யாரும் அரியணை ஏறக்கூடாது; உரிமை ஹானோவரின் சோஃபிக்கும் அவர் வழிவந்த புராட்டஸ்டண்டுகளுக்கும். ரத்த வரிசையில் சோஃபிக்கு முன்னால் நின்றவர் அவருடைய மூத்த அண்ணனின் மகள், அதாவது லீசெலோட்டே. மெட்ஸில் நடந்த அந்த மதமாற்றம் மட்டும் இல்லாதிருந்தால்! அப்பாவின் கணக்கு எத்தனை வாசலை அடைத்தது பாருங்கள். ஆனால் அத்தையின் மேல் அவருக்குப் பொறாமை ஏற்பட்டதாகக் கடிதங்களில் தெரியவில்லை. சோஃபியும் ராணியாகவில்லை. 1714 ஜூனில் ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது மழை வந்தது. ஒதுங்க விரைந்தவர் விழுந்து இறந்தார், வயது எண்பத்து மூன்று. ஏறக்குறைய இரண்டே மாதத்தில் இங்கிலாந்தின் ஆன் அரசி இறந்தார். சோஃபியின் மகன் முதலாம் ஜார்ஜ் ஆனார். நாற்பது வருடத்துக்கு மேலாக எழுதிய முகவரி திடீரென்று இல்லாமல் போனது. லீசெலோட்டே தங்கை லூயிஸெக்குத் தொடர்ந்து எழுதினார்; ஜார்ஜின் மருமகள் கரோலினுக்கும் எழுதினார். கரோலினை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

1715-ல் லூயி இறந்ததும், அறை வாங்கிய அந்த மகன் ஃபிலிப் குழந்தை அரசருக்காக நாட்டை ஆளும் பொறுப்பை ஏற்றான். நாட்டின் முதல் பெண்மணி இப்போது லீசெலோட்டே. ஆட்சியில் தலையிட மறுத்துவிட்டார். பெண்கள் தலையிட்டு இந்நாடு கெட்டது போதும் என்பது அவர் கட்சி. மகனின் காலத்தில் ஜான் லா கொண்டுவந்த காகிதப் பணமும் கம்பெனிப் பங்குகளும் பாரிஸை ஆட்டிப்படைத்தன. எங்கே பார்த்தாலும் மில்லியன் மில்லியன் என்றே பேச்சு என்று வியந்தும் சலித்தும் எழுதினார். புதுச்சேரியைப் பின்னாளில் நடத்திவந்த பிரெஞ்சு இந்தியக் கம்பெனி, 1719-ல் லா செய்த அந்த இணைப்பில் உருவானதுதான்.

மகள் லோரேன் நாட்டுக் கோமகனை 1698-ல் மணந்து நிறையப் பிள்ளைகள் பெற்றாள். அவர்களில் ஒருவன் ஃபிரான்ஸ் ஸ்டெஃபான், பிற்பாடு மரியா தெரேசாவை மணந்து பேரரசரானான். அவர்களுடைய மகள் மரீ அந்துவானெத். ஆக, கொள்ளுப்பேத்தியும் ஜெர்மன் பேசும் வீட்டிலிருந்து வெர்சாய்க்கு அதே வழியில், அதே வகை ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டாள்.

1722 அக்டோபரில் ரெய்ம்ஸில் பதினைந்தாம் லூயிக்கு முடிசூட்டு. எழுபது வயது, உடம்பு வீங்கி மூச்சு வாங்கியது. வைத்தியர் சொன்னதைக் கேட்காமல் போனார். லோரேனிலிருந்து மகள் வருகிறாள் என்பதுதான் காரணம். பேரப்பிள்ளைகளையும் பார்த்தார். திரும்பி வந்து டிசம்பர் 8 அன்று சேன்-க்ளூவில் இறந்தார். உடலை அரச குடும்பத்து வழக்கப்படி சேன்-தெனியில் வைத்தார்கள். 1793 அக்டோபரில் புரட்சிக்காரர்கள் அந்தக் கல்லறைகளைத் திறந்து எலும்புகளைக் குழியில் கொட்டினார்கள். அந்த வாரங்களில்தான் மரீ அந்துவானெத்தின் தலையும் வெட்டப்பட்டது.

அத்தைக்கு எழுதிய கடிதங்களை ஹானோவரில் கட்டுக்கட்டாகச் சேர்த்துவைத்திருந்தார்கள். அவை இன்னும் அங்கேயே, ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.